புதுப்பிப்பு: 48 வயதில் முக எரிச்சல், எது பலித்தது

மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன்: இருபது வருடமாகத் தேய்த்துவந்த கடலை மாவு திடீரென்று ஒத்துக்கொள்ளவில்லை, சுருக்கத்துக்காகத் தினமும் பூசும் ரெட்டினால் கிரீமும் காந்துகிறது, கன்னம் உரிகிறது, என்ன செய்யலாம் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், முதலில் நிறுத்துங்கள்" என்ற யோசனைதான். மாவு, சோப்பு, ரெட்டினால் மூன்றையும் ஒரேயடியாக விட்டேன். காலையில் வெறும் தண்ணீர். இரவில் மட்டும் நுரைக்காத கிளென்சர். முகத்தைத் துடைக்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் செராமைடு (தோலின் ஈரத்தைக் காக்கும் கொழுப்பு) கலந்த மாய்ஸ்சரைசர். பத்தாம் நாள் எரிச்சல் அடங்கியது. உரிதல் நிற்க ஐந்து வாரம் ஆனது.

பிறகு ரெட்டினாலை மீண்டும் தொட்டேன்: வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு, மாய்ஸ்சரைசருக்கு மேல். இப்போது தாங்குகிறது. தினமும் பூசியது என் பேராசை. பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், வீட்டில் இருந்தாலும்.

எதிர்பாராதது ஒன்று. தோல் மருத்துவர் முதலில் கேட்டதே மாதவிடாயைப் பற்றித்தான். அது ஒழுங்கு தப்பி ஒரு வருடமாகிறது. மாதவிடாய் நிற்கப்போகும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, தோலின் எண்ணெய்ப் பசையும், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதமும் குறையும் என்றார். நானோ மாவில் கலப்படம் என்று நினைத்து இரண்டு மளிகைக் கடை மாறியிருந்தேன்!

தேங்காய் எண்ணெய் சொன்னவர்களுக்கு: கை கால்களுக்கு அருமை, முகத்தில் எனக்குப் பரு வந்தது. கழுத்து இன்னும் வறண்டுதான் இருக்கிறது.