கியாஞ்சினில் ஜிப் மாட்ட முடியாமல் நின்ற பெண்

மாணவர்களை இமயமலைக்குக் கூட்டிப்போக யோசிக்கிற ஆசிரியர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கல்லூரிப் பிள்ளைகளோடு நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்குக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை 14 மாணவர்கள், நான், இன்னொரு ஆசிரியர், இரண்டு கைடுகள். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

காத்மாண்டுவிலிருந்து சியாப்ருபேசிக்கு பஸ்ஸில் ஒரு முழுப் பகல் போய்விடும். அங்கே உயரம் சுமார் 1,500 மீட்டர்தான், கொடைக்கானலைவிடக் குறைவு. மறுநாள் ஆற்றை ஒட்டிக் காட்டுக்குள் நடந்து, லாமா ஹோட்டல் என்ற ஊரில் தங்கினோம். அது கிட்டத்தட்ட 2,400 மீட்டர். அதுவரை ஒரே பாட்டும் கும்மாளமும்தான். மூன்றாம் நாள் நேராக லாங்டாங் கிராமம், 3,430 மீட்டர். தூங்குகிற உயரம் ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் கூடிவிட்டது.

3,000 மீட்டருக்கு மேலே போனால், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறித் தூங்கக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நடுவில் சுமார் 3,000 மீட்டரில் கோடா தபேலா என்ற இடம் இருக்கிறது, அங்கே ஓர் இரவு தங்கியிருக்கலாம். டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டத்தில் அது இல்லை. நானும் கேட்கவில்லை. ஒரு நாள் லீவு மிச்சமாகிறதே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்று மதியம் பழைய லாங்டாங் ஊர் இருந்த இடத்தைக் கடந்தோம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில், மேலிருந்து சரிந்த பனியும் பாறையும் ஊரையே மூடிவிட்டன. இப்போது அந்தக் கற்குவியல் மேல்தான் பாதை போகிறது. இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வாய் திறக்காமல் ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள்.

அடுத்த நாள் கியாஞ்சின் கோம்பா, 3,870 மீட்டர். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. மாலையில் லாட்ஜ் சாப்பாட்டு அறையில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தால் பாத் வந்தது. ஒரு மாணவி மட்டும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “பசிக்கலை மேடம்” என்றாள். நடந்த களைப்பு என்று நினைத்தேன். அப்புறம் வெளியே போக எழுந்து ஜாக்கெட்டை மாட்டினாள். ஜிப்பின் முனையை அதன் பொருத்துக்குள் நுழைக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. மூன்று தடவை, நான்கு தடவை. கை அந்த இடத்துக்குப் போகிறது, ஆனால் விலகி விலகிப் போகிறது. குளிரில் விரல் மரத்திருந்தாலும் இப்படி ஆகும்தான். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை.

தரைப் பலகையின் கோட்டைக் காட்டி, குதிகாலும் விரல்நுனியும் தொடுகிற மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னேன். ஐந்தாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தாள். பெரிய கைடு பார்த்துவிட்டு, “லேக் லாக்யோ” என்றார். நேபாளியில் ‘மலை பிடித்துக்கொண்டது’ என்று அர்த்தம், உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் வரும் நோய். தலைவலியோடு நடை தடுமாறினால் மூளையில் வீக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். காலை வரை காத்திருக்கவே கூடாது.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருந்தேன். யாருக்காவது முடியாமல் போனால் யார் கூட இறங்குவது என்று காத்மாண்டுவிலேயே முடிவு செய்துவிட்டோம். பெண் பிள்ளை என்றால் நான், பையன் என்றால் அந்த ஆசிரியர். அதனால் அந்த நேரத்தில் பேச்சே இல்லை. எங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் போனில் கேட்டு, அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்த, மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையைக் கொடுத்தோம். மாத்திரையைப் போட்டுவிட்டு அங்கேயே படுக்க வைக்காதீர்கள், கையோடு இறக்குங்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். கைடு அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால். “பிஸ்தாரி, பிஸ்தாரி” என்று அவர் மெதுவாகப் போகச் சொல்லும் குரலைத் தவிர வேறு சத்தமில்லை. அந்த வழி நெடுக மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீளமான சுவர்கள் உண்டு. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் எழுத்துகள் தெரிந்து தெரிந்து மறைந்தன. இறங்க இறங்க அவள் காலில் தெளிவு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். லாங்டாங் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. காலையில் அங்கிருந்து லாமா ஹோட்டலுக்கும் இறக்கிவிட்டோம்.

காலையில் டீ குடிக்கும்போது, எப்போதிலிருந்து தலை வலிக்கிறது என்று கேட்டேன். முந்தாநாள் மதியத்திலிருந்தே என்றாள். ஏன்மா சொல்லலை? “யாரும் பின்தங்கக்கூடாது, எல்லாரும் சேர்ந்துதான் ஏறணும்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்.”

ஆமாம், காத்மாண்டுவில் அப்படித்தான் பேசினேன். தைரியம் கொடுக்கத்தான் பேசினேன். அந்தப் பெண் அதை அப்படியே பிடித்துக்கொண்டு ஒன்றரை நாள் வலியை மறைத்திருக்கிறாள். இன்னொன்றும் சொன்னாள். கழிப்பறை வெளியே இருந்ததால், ராத்திரி குளிரில் எழுந்து போக வேண்டாம் என்று தண்ணீரையே குறைத்துவிட்டார்களாம். அவள் மட்டுமல்ல, அந்த அறையிலிருந்த மூன்று பெண்களும்.

இரண்டாம் முறை கோடா தபேலாவில் ஓர் இரவு, லாங்டாங்கில் இரண்டு இரவு தங்கினோம். பெண்களுக்குக் கழிப்பறைப் பக்கத்து அறையைக் கேட்டு வாங்கினேன். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியும் கொண்டுபோனோம், ஆனால் அதை மட்டும் நம்பவில்லை. விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அது தப்பாகக் காட்டும். அதனால் தினமும் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவரிடமும் தலைவலி, குமட்டல், தூக்கம், பசி நான்கையும் கேட்டு நோட்டில் எழுதினேன். முதலில் எனக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் அவர்களைக் கேட்பேன்.

லாங்டாங்கில் முதல் மாலை, “எனக்கு லேசா தலை வலிக்குது, உங்களுக்கு?” என்றேன். மூன்று கைகள் உயர்ந்தன. இரண்டு பேருக்கு ஓய்வு நாளிலேயே சரியாகிவிட்டது. மூன்றாவது பையன் அந்த ஆசிரியரோடு இன்னும் ஒரு நாள் அங்கேயே தங்கி, வலி முழுக்கப் போன பிறகு மேலே வந்தான். கியாஞ்சின் சீஸ் ஃபேக்டரிக்கு நாங்கள் போன மறுநாள், அவனுக்காக எல்லோருமாக இன்னொரு தடவை போனோம்.