சந்தேகம் வந்தாலே சொல்லியாக வேண்டுமா?

அஸ்தம்பட்டி செவிலி
மூன்று மாதக் குழந்தை, காதுமடலில் ரத்தக்கட்டு. கட்டிலில் புரண்டு விழுந்துவிட்டது என்று வீட்டார் சொன்னார்கள், சீட்டிலும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். அந்த வயதில் குழந்தைக்குப் புரளவே வராதே என்று ஒருவரும் கேட்கவில்லை. யாராவது அடித்திருப்பார்களோ என்று சந்தேகம் வரும் இந்த மாதிரி நேரத்தில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டு, மருத்துவமனை அவுட்போஸ்ட் போலீசுக்குத் தகவல் தரணும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லணும். நடக்கப் பழகும் குழந்தைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடுவது சகஜம். காது, கழுத்து, வயிறு என்றால் நிதானிக்கணும். அடிபட்டு இரண்டு நாள் கழித்துக் கூட்டி வருவது, அம்மா ஒன்றும் பாட்டி வேறொன்றும் சொல்வது, இதெல்லாம் கவனத்தில் படணும். சந்தேகம் வந்தால் சொல்லியே ஆகணும் என்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மலைமேல் மருத்துவர்
சிஸ்டர், அந்தக் குழந்தை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. சந்தேகம் வந்தாலே என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நம் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இடுப்பிலும் பின்புறத்திலும் நீலத் திட்டு இருக்கும், புதிதாக வந்தவர் அதை அடி என்று எழுதிவிடுவார். ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்தாலும் உடம்பில் ரத்தம் கட்டும். முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஏற்காட்டுப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுக்கு ஒரு தடவை போலீஸ் வந்துவிட்டால், அப்புறம் குழந்தைக்கு ஜன்னி கண்டாலும் அந்த லைனில் இருப்பவர்கள் எங்களிடம் வரத் தயங்குவார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கும் போக மாட்டார்கள். பதினேழு வயதில் கல்யாணமாகி மாசமாக வரும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழே என்பதால் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். நான் சொன்னால் அவள் புருஷன் உள்ளே, சொல்லாவிட்டால் எனக்கு ஆறு மாதம் வரை சிறை. அந்தப் பயத்தில் அவள் செக்கப்புக்கே வராமல், ரத்தசோகையோடு வலி எடுத்த பிறகு வந்து நிற்கிறாள். இதில் யாரைக் காப்பாற்றினோம்?

அஸ்தம்பட்டி செவிலி
டாக்டர், அந்தப் பயத்தை நானும் பார்க்கிறேன். ஆனால் 2012-ல் வந்த போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவு, நம் விருப்பத்துக்கு விடவில்லை. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதிலேயே இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். கொண்டு வா என்று சிகிச்சையைத் தள்ளவும் கூடாது. 2022-ல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரை மருத்துவர் சொல்லத் தேவையில்லை என்றது. நீங்கள் சொல்லும் பயத்தைக் கோர்ட்டே பார்த்திருக்கிறது.

பாலியல் குற்றத்துக்குத்தான் இவ்வளவு கெடுபிடி. வெறும் அடி, பட்டினி, சூடு என்றால் சொல்லாத மருத்துவரைப் போக்சோ தொடாது. அதனால்தான் அந்தக் காது ரத்தக்கட்டு கேட்பாரில்லாமல் போகிறது. அடித்தவர் யார் என்று கண்டுபிடிப்பது நம் வேலையில்லை. பார்த்ததைச் சொல்வது நம் வேலை.

கொண்டலாம்பட்டி பிசியோ
குழந்தைக்காவது 1098 என்று ஒன்று எல்லோருக்கும் தெரிகிறது. வீட்டோடு கிடக்கும் பெரியவர்களை யார் பார்க்கிறார்கள்? பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க நான் வீடுவீடாகப் போகிறேன். இரண்டு மேல்கையிலும் விரல் பதிந்த தடம். பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கும். முதுகில் படுக்கைப் புண். அடிக்கடி ஒன்றுக்குப் போவார் என்று தண்ணீரே கொடுக்காத வீடுகள் உண்டு, நாக்கைப் பார்த்தாலே தெரியும். பாட்டியிடம் கேட்டால் மகன் பதில் சொல்வார்.

ஆனால் புகார் என்றதும் பாட்டியே என் கையைப் பிடித்துக்கொள்கிறார். "எம் பையன் மேல கேசு போட்டா நான் எங்க போவேன் தம்பி?" புத்தி தெளிவாக இருக்கும் ஒருவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் போன் எடுப்பது சரியா? பெரியவர்கள் விஷயத்தில் நாம் சொல்லியே ஆகணும் என்று சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

அஸ்தம்பட்டி செவிலி
தம்பி, மகன் பக்கத்தில் நிற்கும்போது சொல்லும் "வேண்டாம்" எனக்குச் சம்மதமாகத் தெரியவில்லை. அவரைத் தனியாக்கிக் கேளுங்கள். வார்டில் நாங்கள் எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்போம். வீட்டில் நீங்கள் பயிற்சி நேரத்தில் கதவைச் சாத்தலாம். கேசு ஒன்றுதான் வழி என்று அவர் நினைக்கிறார், அதைத் திருத்துங்கள். 2007-ல் வந்த பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கலாம். பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய வீட்டைக்கூட ரத்து செய்யலாம். முதியோர் உதவி எண் 14567-க்கு அவரே பேசலாம், ஆலோசனை மட்டும் கேட்டாலும் போதும். உயிருக்கே ஆபத்து என்றால் அவர் சம்மதத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

மலைமேல் மருத்துவர்
உயிர் ஆபத்து என்றால் எனக்கும் மறுப்பில்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடும் முதியவருக்குத் தொட்டாலே ரத்தம் கட்டும் என்பதையும் மறக்காதீர்கள். அதனால் "கொடுமை" என்று எழுத வேண்டாம். இடம், அளவு, நிறம் எழுதுங்கள், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். பிறகு யார் விசாரித்தாலும் அது நிற்கும்.

அந்தப் பதினேழு வயதுப் பெண் விஷயத்தில் மட்டும் நீங்கள் என்னை மாற்றவில்லை, சிஸ்டர். சட்டப்படி தகவல் தருகிறேன். ஆனால் தருவதற்கு முன் அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன், அடுத்த செக்கப்புக்கு வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அவள் வீட்டுக்குப் போக ஏற்பாடும் செய்கிறேன். அது நடக்காத இடத்தில் வெறும் தகவல் கொடுப்பதை நான் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன்.