தாத்தா 90: மண்டபம், சாப்பாடு, சினிமா

தீபா: எல்லோருக்கும் வணக்கம். விசேஷத்துக்கு இன்னும் 12 நாள்தான். மதியம் சாப்பாடு முடிந்து 3 மணிக்கு மேல் மண்டபத்தில் என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. நேற்று தாத்தாவிடமே கேட்டேன். கச்சேரி வேண்டாம், வாழ்த்துரை வேண்டவே வேண்டாம், திரை கட்டி 'அந்த நாள்' போடுங்கள் போதும் என்கிறார்.

கார்த்தி: எந்த நாள்

ரமணி பெரியம்மா: சிவாஜி படம்டா

ரமணி பெரியம்மா: பிறந்தநாளுக்குக் கொலைப் படமா? ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுவார். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இதெல்லாம் வேண்டுமா

மாலதி அத்தை: பாட்டும் கிடையாது. குழந்தைகள் ஓடிவிடும்

அப்பா: 👍

பிரியா: அப்பா எதற்கு இந்தக் கட்டைவிரல்? படத்துக்கா, குழந்தைகள் ஓடுவதற்கா?

சேகர் சித்தப்பா: எங்கள் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, கேட்பதில் நியாயம் இருக்கிறது. கொஞ்சம் விளக்குகிறேன். ஏவி.எம். தயாரிப்பு, 1954 ஏப்ரல் 13 வெளியீடு, எஸ். பாலசந்தர் இயக்கம். தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் இதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால் எடுத்தவர் வீணை வித்வான். ரேடியோவில் வீணை பாலசந்தர் என்றால் நம் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாளே, அதே பாலசந்தர். அவர்தான் பாட்டே வேண்டாம் என்று படம் எடுத்தார், அப்போது வயது 27. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' படம் பார்த்த தாக்கம் என்பார்கள், ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் கதை. கதை வசனம் ஜாவர் சீதாராமன், சி.ஐ.டி. சிவானந்தமாக வருவதும் அவரே. அப்பா அப்போது 18 வயதுப் பையன், கொட்டகையில் "பாட்டு எங்கேடா" என்று ஒரே கூச்சலாம், காசைத் திருப்பிக் கேட்டார்களாம். படம் ஓடவில்லை. அப்புறம் தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது, மறுபடி வெளியிட்டபோதுதான் ஜனங்கள்

சேகர் சித்தப்பா: தவறி அனுப்பிவிட்டேன், தொடர்கிறேன்

கார்த்தி: வேண்டாம் சித்தப்பா

மாலதி அத்தை: ஜாவர் சீதாராமன்தானே பட்டணத்தில் பூதம் ஜீபூம்பா?

சேகர் சித்தப்பா: அவரேதான் அக்கா. அது 1967.

தீபா: ஜீபூம்பாவா அந்த சி.ஐ.டி.! நான் நேற்று ராத்திரிதான் யூடியூபில் பார்த்தேன். 1.5 வேகத்தில். தாத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

பிரியா: எப்படி இருக்கிறது

தீபா: உண்மையைச் சொன்னால் முதல் அரைமணி நேரம் நகரவே இல்லை. துரத்தல் இல்லை, மழையில் ஓடுவது இல்லை. எல்லோரையும் வீட்டுக்குள் வைத்து ஒவ்வொருவராக விசாரிக்கிறார், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை "தம்பி பட்டாபிதான் கொன்றிருப்பான்" என்கிறார், பட்டாபி தன் மனைவி ஹேமாவையே கைகாட்டுகிறான், ஹேமா இன்னொருத்தி அம்புஜத்தைச் சொல்கிறாள், அம்புஜம் திரும்ப வந்து சின்னையாவிடமே நிற்கிறாள். அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டேன். ஒவ்வொருவர் கதையிலும் அதே சிவாஜி வேறு ஆளாகத் தெரிகிறார். அதுதான் படம். கொலை எல்லாம் சாக்கு.

கார்த்தி: போலீஸ் படத்தில் போலீஸ் ஒரு அடிகூட அடிக்கவில்லையா

தீபா: இல்லை. கேட்கிறார், கேட்கிறார், கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பிரியா: நம் வீட்டு ரேடியோ விவகாரம் மாதிரி. எல்லோரும் கைகாட்டுவார்கள், பெட்டி மட்டும் வராது

மாலதி அத்தை: பிரியா

பிரியா: சும்மா சொன்னேன் அத்தை

ரமணி பெரியம்மா: சாப்பாட்டுக்காரர் தலைக்கணக்கு கேட்கிறார். 140 சொல்லட்டுமா 160 சொல்லட்டுமா?

மாலதி அத்தை: 150

சேகர் சித்தப்பா: என் பக்கம் 11 பேர்

மாலதி அத்தை: போன வாரம் 7 என்றாயே

சேகர் சித்தப்பா: மருமகள் வீட்டார் அக்கா

கார்த்தி: ஒரு சந்தேகம். 54இல் எடுத்த படத்தில், மெட்ராஸில் குண்டு விழுந்த 43இல் நடக்கிற கதை. நடுவில் 11 வருஷம். இதைப் போய்ப் 'பீரியட் படம்' என்று எழுதுகிறார்களே, குதிரை வண்டி, பட்டு ஜிப்பா ஏதாவது உண்டா?

பிரியா: அதுதானே விசேஷம். இன்றைக்கு ஒருவர் 2015 வெள்ளத்தை வைத்து ஒரு கொலைக் கதை எடுத்தால் உனக்கு விளக்கம் வேண்டுமா? இடுப்பளவு தண்ணீர் என்று காட்டினால் போதும், மீதியை நாமே போட்டுக்கொள்வோம். 54இல் கொட்டகையில் உட்கார்ந்தவர்கள் பாதிப் பேர் குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவர்களாக இருந்திருப்பார்கள். நமக்குத்தான் அது பழைய காலம்.

அப்பா: 👍

மாலதி அத்தை: மெட்ராஸில் குண்டு போட்டது எம்டன்தானே? அதனால்தானே அப்பாவை அத்தைப்பாட்டி எம்டன் எம்டன் என்பாள்

சேகர் சித்தப்பா: இல்லை அக்கா, இரண்டையும் குழப்புகிறாய். எம்டன் ஜெர்மன் கப்பல், முதல் உலகப்போர், 1914 செப்டம்பர் 22 ராத்திரி துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது. நம் அப்பா அப்போது பிறக்கவே இல்லை. படத்தில் வருவது இரண்டாம் உலகப்போர், 1943 அக்டோபர் 11, ஜப்பான் விமானம். ஒரே ஒரு விமானம்தான் வந்தது. ஆனால் ஊர் காலியானது அதற்கு முந்தைய வருஷம், 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வருகிறான் என்ற பேச்சில். தாத்தாவின் அப்பா வீட்டைப் பூட்டி எல்லோரையும் கும்பகோணத்துக்கு அனுப்பியது அப்போதுதான். மிருகக்காட்சிசாலையில் சிங்கம் புலி எல்லாம் தப்பித்து ஊருக்குள் வந்துவிடும் என்று சுட்டே கொன்றுவிட்டார்கள்.

ரமணி பெரியம்மா: காலையில் இதெல்லாம் எதற்கு சேகர்

தீபா: சிங்கத்தையா???

கார்த்தி: இதை யாராவது படமாக எடுங்கள், நான் பார்க்கிறேன்

மாலதி அத்தை: கும்பகோணம் வீட்டுக்குப் போனதால்தான் எல்லா வினையும் ஆரம்பித்தது. சரி, அந்தப் படத்தில் அண்ணனிடம் பங்கு கேட்டு நிற்கிற தம்பி வருகிறானே, எனக்கு அந்தப் பாத்திரம் ரொம்ப இயல்பாக இருந்தது. யாரையோ பார்த்த மாதிரி.

சேகர் சித்தப்பா: அக்கா. கும்பகோணம் வீட்டைப் பற்றி இந்தக் குழுவில் பேசுவதில்லை என்று 2019இல் பேசி முடித்தோம்.

மாலதி அத்தை: நான் பட்டாபியைச் சொன்னேன்

சேகர் சித்தப்பா: புரிந்தது

தீபா: அம்மா போதும்

பிரியா: படத்துக்கு வருவோமா. எனக்குப் பிடித்தது சிவாஜி அந்த வேஷத்தை ஒப்புக்கொண்டதுதான். 'பராசக்தி' வந்து 2 வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிற நேரத்தில் ஜப்பான்காரனுக்கு உளவு சொல்கிற ரேடியோ இஞ்சினியராக நடிக்கிறார். தன்னை யாரும் மதிக்கவில்லை என்ற கடுப்பு, அறிவுத் திமிர், வீட்டுக்கு வெளியே ஒரு தொடுப்பு. நல்லவன் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் அவன் பேசும்போது கேட்கத் தோன்றுகிறது.

கார்த்தி: நன்றி பிரியா. பாதிக் கதை போயிற்று

ரமணி பெரியம்மா: பாதிதானே. கொன்றவள் பண்டரிபாய்தான் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை

தீபா: பெரியம்மா!!!

கார்த்தி: அம்மா ஏம்மா

ரமணி பெரியம்மா: 70 வருஷத்துக்கு முந்தைய படம்டா. இதில் என்ன ரகசியம்

கார்த்தி: பண்டரிபாய் யார்? மன்னன் படத்தில் ரஜினிக்கு அம்மாவாக வருவாரே, அவரா?

சேகர் சித்தப்பா: அவரேதான். இதில் சிவாஜிக்கு மனைவி.

கார்த்தி: மன்னன் அம்மாவா கொலைகாரி! இப்போது கட்டாயம் பார்க்கிறேன்

மாலதி அத்தை: கொலைகாரி என்று சொல்லாதே. தேசத்தைக் காட்டிக்கொடுக்கிற புருஷனை என்ன செய்வாள் அவள்? எங்கள் காலத்தில் அந்தக் கடைசிக் காட்சிக்கு அழாதவர்கள் இல்லை.

ரமணி பெரியம்மா: எனக்கு என்னவோ அது ஒப்பவில்லை. கட்டியவன் அயோக்கியன் என்றால் போலீஸில் சொல்ல வேண்டியதுதானே.

மாலதி அத்தை: சொல்வது சுலபம் அண்ணி

ரமணி பெரியம்மா: எனக்குத் தெரியாதா மாலதி எது சுலபம் என்று

தீபா: ப்ரொஜெக்டர் யார் கொண்டுவருகிறீர்கள்?

சேகர் சித்தப்பா: என் நண்பரிடம் இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன். பல்பு போய்விட்டது என்றார், மாற்றினாரா தெரியவில்லை.

கார்த்தி: பெங்களூரிலிருந்து நான் எடுத்துவரலாம். ஆனால் நான் வருவது அன்று காலைதான், ரயில் தாமதமானால் பொறுப்பில்லை

தீபா: படம் 2 மணி 10 நிமிஷம். தாத்தா அவ்வளவு நேரம் உட்கார முடியுமா?

பிரியா: பாதி போட்டால் போதும் என்றால் கோபித்துக்கொள்வார். கொலை செய்தது யார் என்று தெரியாமல் 150 பேர் வீட்டுக்குப் போவார்கள்

கார்த்தி: எனக்குத் தெரியும். அம்மா புண்ணியம்

தீபா: இன்னொன்று. படத்துக்குப் பொருத்தமாக மேடையில் தாத்தாவின் பழைய மர்ஃபி ரேடியோவை வைத்தால் அழகாக இருக்கும். அது யாரிடம் இருக்கிறது என்று கேட்கலாமா, கேட்கக்கூடாதா?

மாலதி அத்தை: கடைசியாக நான் பார்த்தது அண்ணி வீட்டுக் கூடத்தில். மேலே குரோஷா விரிப்பு போட்டிருந்தது

ரமணி பெரியம்மா: ரிப்பேருக்கு என்று சேகர் எடுத்துக்கொண்டு போய் எத்தனை வருஷம்

சேகர் சித்தப்பா: எடுத்துப் போனது உண்மை. மறுக்கவில்லை. வால்வு கிடைக்கவில்லை, கடைக்காரர் கைவிரித்துவிட்டார், அப்போது மாலதி அக்கா வீட்டுக்காரர்தான் தனக்கு ஒரு ஆள் தெரியும் என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ரசீது எழுதி வாங்கவில்லை, என் தப்பு. அன்றைக்கு மழை, தார்ப்பாய்கூட என்னுடையதுதான்.

மாலதி அத்தை: அவர் அன்றைக்கே அண்ணி வீட்டில் இறக்கிவிட்டார்

ரமணி பெரியம்மா: என் வீட்டில் யாரும் எதையும் இறக்கவில்லை

தீபா: என் அப்பாவை விடுங்கள், பாவம். அவருக்கு நேற்று சாப்பிட்டதே ஞாபகம் இருப்பதில்லை.

பிரியா: சி.ஐ.டி. சிவானந்தம் யாராவது இருக்கிறீர்களா இந்தக் குழுவில்

அப்பா: பரணில் ஒரு பெட்டி இருக்கிறது. பழைய தார்ப்பாய் சுற்றியிருக்கிறது. என்னவென்று பார்க்கிறேன்.

மாலதி அத்தை: அண்ணா???

சேகர் சித்தப்பா: தார்ப்பாய் பச்சை நிறமா?

கார்த்தி: பண்டரிபாய்

ரமணி பெரியம்மா: டேய் கார்த்தி, பெரியவர்களிடம் என்ன பேச்சு

ரமணி பெரியம்மா: சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது

பிரியா: அப்பா ஏணி தேடுகிறார். அம்மா எதுவும் பேசவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது

தீபா: சரி, சாப்பாடு 150, கேசரி உண்டு. படம் பெரும்பாலும் உண்டு.

மாலதி அத்தை: கேசரி வேண்டாம், அசோகா சொல்லு

சேகர் சித்தப்பா: 11 இல்லை, 13 பேர். அப்புறம் ப்ரொஜெக்டர் நண்பர் போனை எடுக்கவில்லை.