புதுப்பிப்பு: கொள்ளிடக் கரையில் நீர்நாய் எதிர்ப்பட்டால்

கல்லணைக்குக் கிழக்கே ஆற்றோரம் நடக்கும்போது நீர்நாய்க் கூட்டம் திடீரென எதிர்ப்பட்டால் படம் எடுப்பது எப்படி என்று முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது. அதிகம் வந்த கேள்வி: உடம்பு ஏன் கருப்புத் திட்டாக விழுகிறது?

பளபளக்கும் தண்ணீரைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. நனைந்த ரோமமோ ஏற்கெனவே கரும்பழுப்பு. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். தண்ணீர் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும், கண்ணும் மீசையும் தெரிய வேண்டும். ஷட்டர் வேகம் 1/1000 நொடி, மணல்திட்டில் உட்கார்ந்து மீன் தின்னும்போது 1/500 போதும். ஒளியுணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு உச்சவரம்பு 3200.

அடுத்த தொல்லை ஃபோகஸ். நீர்நாய் முங்கியதும் ஃபோகஸ் பின்னாலுள்ள நாணலுக்குத் தாவிவிடும். ஃபோகஸைக் கேமராவின் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றி, முங்கிய நொடியே விரலை எடுத்துவிடுங்கள், ஃபோகஸ் அதே தூரத்தில் நிற்கும். நீர்க்குமிழி வரிசை போகும் திசையில், சற்று முன்னால் லென்ஸைத் திருப்பிக் காத்திருங்கள். பெரும்பாலும் தலை அங்கேதான் எழும்.

வெயில் ஏறினால் மணலில் கானல் அலைந்து படம் கலங்கும். எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. விடிந்ததும் போய்விடுவதே வழி.

நீர்நாய் கழுத்தை நீட்டி நிமிர்ந்து, மூக்கால் சீறினால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். குட்டிகள் இருந்தால் படமே வேண்டாம், சத்தமில்லாமல் பின்வாங்குங்கள்.

காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பிலிருந்து உபரிநீர் திறக்கும் நாட்களில் மணல்திட்டில் இறங்கவே கூடாது. படத்தைப் பதிவிடும் முன் அதிலுள்ள இருப்பிடத் தகவலை நீக்குங்கள். வளை இருக்கும் கரை வெளியே தெரிந்தால் ஆட்கள் கூடுவார்கள், நீர்நாய்கள் இடத்தை விட்டே போய்விடக்கூடும்.