சுடலாமா, கூடாதா? அந்த அரை நொடியில் தடுமாறுகிறேன்

கேள்வி:
தற்காப்புத் துப்பாக்கிப் பயிற்சியில் இது மூன்றாவது வாரம். நிலையான இலக்கில் குறி தவறுவதில்லை. நேற்று ஆள் படம் வரைந்த, திரும்பும் அட்டைகளை வைத்தார்கள். அட்டை சட்டென்று திரும்பியது, கையில் கறுப்பாக ஏதோ தெரிந்தது, சுட்டுவிட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் செல்போன். நெஞ்சில் சரியாக ஓட்டை. இரவு தூக்கமே வரவில்லை. வேகத்தைக் குறைப்பதா, பார்வையைப் பழக்குவதா?

பதில் 1:
பார்வையைத்தான். நான் பல வருடமாகப் பயிற்சி தருகிறேன். இதே முகவாட்டத்தோடு வந்தவர்கள் நிறைய. முகத்தை விடுங்கள், முதலில் கைகளைப் பாருங்கள். கையில் இருப்பது என்னவென்று தெரியும்வரை விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கி உடலின் பக்கவாட்டில் நீட்டியே இருக்கட்டும். இன்னொன்று, டைமர் அடித்தாலே சுட வேண்டும் என்று உடம்பு பழகிவிடுகிறது. பத்து அட்டைகளில் குறைந்தது ஆறு சுடக் கூடாதவையாக இருக்கட்டும். சுடாமல் நிற்பதும் பயிற்சிதான்.

பதில் 2:
நேரம் எங்கே இருக்கிறது? கத்தியோடு ஓடி வருபவர் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார் என்று டென்னிஸ் டியூலர் என்ற அமெரிக்கக் காவல் அதிகாரி 1983-இலேயே எழுதினாரே?

பதில் 1-ஐ எழுதியவர்:
உண்மை. ஆனால் 21 அடிக்குள் வந்தால் சுடலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. நின்ற இடத்திலேயே நிற்காதீர்கள். பக்கவாட்டில் இரண்டு எட்டு, நடுவில் ஒரு மேசை. அப்புறம் பாருங்கள், யோசிக்க நேரம் கிடைக்கும்.

கேட்டவர்:
சரி. நாளை அட்டைகளைக் கலைத்து வைக்கச் சொல்கிறேன்.