52 வயசு, டெஸ்டோஸ்டிரோன் 290. ஊசி போடணுமா?

பாளை_பலசரக்கு:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எனக்கு 52 வயசு, பாளை மார்க்கெட் பக்கம் பலசரக்கு கடை வச்சிருக்கேன். கொஞ்ச நாளாவே ஒரே அசதி, மதியம் சாப்ட்டு கல்லால உக்காந்தா கண்ணு சொக்குது, முன்ன அரிசி மூடைய அசால்ட்டா தூக்குவேன் இப்ப தெம்பு இல்ல, மத்த விசயத்துலயும் நாட்டம் கொறஞ்சு போச்சு, புரிஞ்சுக்கோங்க. மச்சினன் சொன்னான்னு கடைய அடைச்சுட்டு போற வழியில ராத்திரியே ஒரு லேப்ல ரத்தம் குடுத்தேன், ஆம்பள ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் 290ன்னு வந்திருக்கு. அதுலேர்ந்து அவன் விட மாட்டேங்கான், மெட்ராஸ்ல இதுக்கு ஊசி போடுதாங்க, பத்து வயசு கொறஞ்ச மாதிரி ஆயிருவீங்க, எலும்புக்கு நல்லது ஹார்ட்டுக்கு நல்லதுன்னு ஒரே பிடியா நிக்கான். வயசானா கொறையத்தானய்யா செய்யும்? அத ஏத்தி வச்சா நெசமாவே ஒடம்புக்கு நல்லதா, இல்ல வெறும் யாவாரமா? சுகர் மாத்திரை போடுதேன், பிபி இல்ல.

லேப்_அக்கா:
அண்ணாச்சி, நான் வண்ணார்பேட்டையில லேப் டெக்னீசியன். ராத்திரி எடுத்த 290அ வச்சு ஒரு முடிவுக்கும் வராதீங்க. இந்த ஹார்மோன் விடியக்காலம் உச்சத்துல இருக்கும், சாயங்காலம் எறங்கிரும், சாப்ட்டாலும் எறங்கும். அதனால காலைல 10 மணிக்குள்ள, வெறும் வயித்துல, வேற வேற நாள்ல ரெண்டு தடவ பாக்கணும். ரெண்டுலயும் 300க்கு கீழ வந்து, கூட தொந்தரவும் இருந்தாத்தான் அமெரிக்க யூரோலஜி சங்கத்து கணக்குப்படியே அது கொறைபாடு. காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச கையோட எடுக்காதீங்க, அப்பவும் கம்மியாத்தான் காட்டும். முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போட்டா மொதல்லயே சொல்லிருங்க, சில மெஷின்ல கணக்கு தப்பா வரும். இன்னொண்ணு, தொப்பையும் சுகரும் இருக்கவங்களுக்கு இந்த ஹார்மோன சொமந்துட்டு போற புரோட்டீன் ரத்தத்துல கொறைவா இருக்கும், அதனால மொத்த அளவு கம்மியா தெரிஞ்சாலும் ஒடம்புக்கு நெசமா கெடைக்கிற அளவு சரியாவே இருக்கலாம். மெலிஞ்ச வயசாளிக்கு இதே கதை உல்டா. அதனால டாக்டர் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் (ஒடம்புக்கு நெசமா கெடைக்கிற அளவு), எல்ஹெச், புரோலாக்டின்னு (மூளைக்கு அடியில உள்ள சுரப்பி விடுற ஹார்மோனுங்க) எழுதுனா காசு புடுங்குதாருன்னு நெனச்சிராதீங்க.

அம்பை_வாத்தியார்:
வே தம்பி, ஊசி கதைய செத்த நேரம் அங்கன வையும். வீட்டம்மாட்ட ஒண்ணு கேளும், ராத்திரி கொறட்டை விடுதீரா, நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதான்னு. மதியம் கண்ணு சொக்குதுன்னு சொல்லுதீர் பாத்தீரா, அங்கதான் எனக்கு டவுட், ராத்தூக்கம் கெட்டா இந்த ஹார்மோனும் எறங்கும். 2011ல சிகாகோவுல ஆரோக்கியமான எளவட்டப் பயலுவள ஒரு வாரம் ராத்திரிக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்க விட்டு பாத்துருக்காங்க, பகல் நேரத்து டெஸ்டோஸ்டிரோன் 10லேர்ந்து 15 சதவீதம் எறங்கிட்டு. சின்னப் பயலுவளுக்கே அப்படின்னா நமக்கு? பொறவு தொப்பை. வயித்துக் கொழுப்புல அரோமட்டேஸ்னு ஒரு சாமான் இருக்கு, அது இருக்கிற டெஸ்டோஸ்டிரோனையும் ஈஸ்ட்ரோஜனா மாத்தி விட்டுரும். ஹார்மோன் கொறஞ்சா தொப்பை போடும், தொப்பை போட்டா ஹார்மோன் கொறையும், இப்படியே சுத்திக்கிட்டு கெடக்கும். 40க்கு மேல வருசத்துக்கு ஒரு சதவீதம் வாக்குல கொறையிறது எல்லாருக்கும் உள்ளதுதான், ஆனா நம்மூர்ல பாதிப் பேருக்கு கொறையிறது வயசுனால இல்ல, வயித்துனாலன்னுதான் நான் சொல்லுவேன். வ.உ.சி மைதானத்துல நாலு சுத்து நடந்துட்டு நேரா அல்வா கடைக்கு போற கூட்டத்த பாத்துருப்பீர்லா! நடை மட்டும் பத்தாது, வெயிட்டும் தூக்கணும். அரிசி மூடைய தூக்குத வேலைய கடைப்பையன்ட்ட விட்டதே தப்பு. லேகியம் விளம்பரம் பக்கமே போவாதீரும், சவம் அதுல என்னத்த கலக்கானுவன்னு ஆருக்கு தெரியும்.

தென்காசி_சாரல்:
வாத்தியார் சொல்லுதது சரிதான், ஆனா ஒரேடியா யாவாரம்னும் தள்ளிரக் கூடாது. எங்க பெரியண்ணனுக்கு நெசமாவே கொறைபாடு, மூளைக்கு அடியில உள்ள பிட்யூட்டரி சுரப்பில சின்ன கட்டி. ஹீமோகுளோபின் ஏறவே இல்ல, எலும்பு டெஸ்ட் எடுத்தா வயசுக்கு மீறி தேய்மானம். கட்டிக்கு வைத்தியம் பாத்து, ஹார்மோனும் ஆரம்பிச்ச பொறவு ஆளே தேறிட்டாவ. அளவு சரியா இருந்தா எலும்பு, தசை, ரத்தம், நாட்டம் எல்லாத்துக்கும் நல்லதுங்கிறதுல சந்தேகமே இல்ல. வயசுனால மட்டும் கொறஞ்சவங்களுக்கு ஏத்தி விட்டா என்ன ஆவும்ங்கிறதுதான் கேள்வி. 65 வயசுக்கு மேல, அளவு கொறஞ்ச 790 பேர எடுத்து, பாதிப் பேருக்கு தோல்ல தடவுற டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஜெல்லும் ஒரு வருசம் குடுத்து பாத்து 2016லயும் 2017லயும் போட்டாங்க. நாட்டம் ஓரளவு கூடிச்சு, ரத்தசோகை கொறஞ்சிச்சு, எலும்பு அடர்த்தி ஏறிச்சு, ஆனா அண்ணாச்சி கேக்க அசதி இருக்குல்லா, அதுல சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல, ஞாபக சக்தியும் கூடல. 2023ல ஹார்ட் ரிஸ்க் இருக்க 5,200 பேர வச்சு பெருசா ஒரு ஆராய்ச்சி வந்துது. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் கூடல, சரி, ஆனா கொறையவும் இல்ல. நெஞ்சு துடிப்பு ஏறுமாறா ஓடுறதும் நுரையீரல்ல ரத்தம் கட்டுறதும் கொஞ்சம் கூடுதலா இருந்துது, எலும்பு முறிவு கூட ஜெல் போட்டவங்களுக்குத்தான் அதிகம், அடர்த்தி ஏறியும் ஏன் முறியுதுன்னு டாக்டருவளே மண்டைய ஒடைக்காங்க. அதனால ஹார்ட்டுக்கு நல்லதுன்னு மச்சினன் சொன்னா நம்பாதீங்க. ஆரம்பிச்சாலும் பிஎஸ்ஏவும் (பிராஸ்டேட் சுரப்பிக்கான ரத்த டெஸ்ட்) ஹீமடோக்ரிட்டும் (ரத்தத்துல செவப்பணு எத்தன சதவீதம்னு காட்டுறது) பாத்துக்கிட்டே இருக்கணும், ஹீமடோக்ரிட் 54 சதவீதத்த தாண்டுனா நிப்பாட்டிருவாங்க, ரத்தம் கெட்டியாயிரும்லா.

மேலப்பாளையம்_ஜிம்:
அண்ணாச்சிக்கு 52, அது வேற. ஆனா இத படிக்கிற என் வயசுப் பயலுவளுக்கு சொல்லுதேன், ஜிம்ல எவனோ குடுக்கான்னு ஊசி போட்டுறாதீங்கடே. வெளியிலேர்ந்து உள்ள போச்சுன்னா மூளை சிக்னல நிப்பாட்டிரும், விந்தணு உற்பத்தி அப்படியே படுத்துரும், நிப்பாட்டுன பொறவு திரும்பி வர மாசக்கணக்கா ஆவும், சில பேருக்கு அதுக்கு மேலயும். கூட்டாளி ஒருத்தன் கல்யாணம் முடிஞ்சு ஆஸ்பத்திரிக்கு அலையுதான், வீட்ல பொண்ண குத்தம் சொல்லிக்கிட்டு இருக்காங்க, இவன் வாயே தொறக்க மாட்டேங்கான்.

பாளை_பலசரக்கு:
எல்லாருக்கும் நன்றி. வீட்ல கேட்டேன் வாத்தியாரய்யா, இவ்வளவு நாள் கழிச்சு இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சாக்கும்னு ஒரு பாட்டம் ஏச்சு. மூச்சு நிக்கிறது உண்மைதானாம், சில நாள் உலுக்கி எழுப்பி விடுவாளாம். ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரில மொதல்ல அத காட்டிட்டு பொறவு மத்தத பாக்கேன். மச்சினன் இதையெல்லாம் ஒத்துக்கிட மாட்டான், போட்டும். லேப் அக்கா, வெறும் வயித்துலன்னா சுகர் மாத்திரைய என்ன செய்ய?

லேப்_அக்கா:
ரத்தம் குடுத்துட்டு இட்லியோட போடுங்க அண்ணாச்சி, எதுக்கும் சுகர் டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. பச்சத்தண்ணி குடிக்கலாம், காப்பி கூடாது. மூச்சு நிக்கிறத காட்டும்போது ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்ச கவனிக்கிற டெஸ்ட், பாக்கணுமான்னு நீங்களே கேளுங்க, கூட்டத்துல அவங்களா சொல்ல நேரம் இருக்காது. ஏழரைக்கெல்லாம் வந்துருங்க, அதுக்கு மேல வரிசை நிக்கும்.