லாக் இன்: கட்டைக்கு அதுல என்ன வேலை?

*தங்கச்சி:* லாக்னா மரக்கட்டைனு அகராதியில இருக்கு. அப்போ லாக் இன் பண்றதுல கட்டை எங்க வந்துச்சு? யாராவது சொல்லுங்களேன்

*பெரியப்பா:* அதே கட்டைதாம்மா. பாய்மரக் கப்பல்ல வேகம் பார்க்க ஒரு பலகை வெச்சிருந்தாங்க, அதுக்குப் பேர்தான் லாக். கால்வட்டமா அறுத்தது, ஆரம் அஞ்சாறு அங்குலம். வளைஞ்ச ஓரத்துல ஈயம் பதிச்சிருக்கும், அதனால தண்ணியில படுக்காம நிமிர்ந்து நிக்கும். மூணு மூலையிலயும் கயிறு.

*பெரியப்பா:* அதைக் கப்பலோட பின்பக்கம் கடல்ல போடுவாங்க. பலகை போட்ட இடத்துலயே நிக்கும், கப்பல் போகப் போக ராட்டுலேருந்து கயிறு உருவிட்டு ஓடும். கயித்துல 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகாரம் தீர்றதுக்குள்ள எத்தனை முடிச்சு ஓடுதோ அத்தனை நாட் வேகம். நாட்னாலே முடிச்சுதானே.

*அண்ணன்:* கணக்கு அப்படியே வருது பெரியப்பா. ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல். பழைய கணக்குல கடல் மைல் 6080 அடி. 3600ஆல வகுத்து 28ஆல பெருக்கினா 47.3 அடி

*தங்கச்சி:* பலகை கப்பலை ஒட்டியே கிடந்தா அந்தச் சுழல்ல இழுபடாதா?

*பெரியப்பா:* இழுபடும். அதுக்குத்தான் முதல்ல முடிச்சில்லாத வெறும் கயிறு கொஞ்ச தூரம் விடுவாங்க. அது முடியுற இடத்துல ஒரு துணித்துண்டு கட்டியிருக்கும். துணி தாண்டுற நொடியில கடிகாரத்தைக் கவிழ்க்கணும். அளந்து முடிச்சதும் வெடுக்குனு ஒரு இழுப்பு: கயித்தைப் பலகையில செருகியிருக்கிற முளை கழண்டு பலகை படுத்துக்கும், தூக்க சுலபம்.

*பெரியப்பா:* தப்பு வர்றது கயித்துல, இல்லாட்டி மணல்ல. கயிறு இழுபட்டு நீண்டுட்டா முடிச்சு குறைவா விழும், வேகம் குறைச்சுக் காட்டும். கப்பல் நாம நினைச்சதைவிட முன்னால போயிருக்கும், ராத்திரியில கரை தட்டிடும். அதனாலதான் கயித்தை நனைச்சு நல்லா இழுத்து விட்ட பிறகே முடிச்சுப் போடணும். ஈரத்துல மணல் மெதுவா இறங்கினா நேர்மாறு, வேகம் கூடுதலாத் தெரியும்.

*அத்தை:* பெரியப்பா சொன்ன அந்த அளவை எழுதின புத்தகம்தான் லாக் புக். பிறகு எதைப் பதிஞ்சாலும் 'லாக்' பண்றதுன்னு வினையாவே ஆயிடுச்சு. 'இன்' சேர்ந்தா, வந்ததைப் பதியறது.

*அண்ணன்:* கணினிக்கு வந்தது 1960கள்ல. அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல கார்பட்டோ குழு செஞ்ச சிடிஎஸ்எஸ்ங்கிற கணினி அமைப்பை 1961ல முதல்ல இயக்கிக் காட்டினாங்க. ஒரே மெஷினைப் பல பேர் ஒரே சமயத்துல பயன்படுத்துறது. மெஷின் நேரம் அவ்வளவு விலை, யார் எவ்வளவு எடுத்தாங்கன்னு கணக்கு வேணும். லாகின் கட்டளை வந்தவரைப் பதியும், லாக்அவுட் அடிச்சா செலவான நேரம் அச்சாகும். கதவைத் திறக்கிறது இல்ல, கணக்குல பேர் ஏறுறது

*தங்கச்சி:* எழுதும்போது சேர்த்தா பிரிச்சா?

*அத்தை:* வினைன்னா பிரிச்சு, பெயர்னா சேர்த்து. பட்டன்ல இருக்கிற 'லாகின்' பெயர். இறந்தகாலம் 'லாக்ட் இன்', ஜி ரெண்டு தடவை வரும். 'லாகின்ட்'னு எழுதாதே கண்ணு. நடுவுல 'மீ' வெச்சுப் பார், 'லாக் மீ இன்'. 'லாக் இன் மீ' வராது, 'மீ' மாதிரி சின்ன சொல் நடுவுலதான் உக்காரும். பின்னால 'டு' வந்தா 'இன்', 'டு' ரெண்டும் தனித்தனியா எழுதுறதுதான் எனக்குச் சரியாப் படுது, 'இன்' வினையோடது. சேர்த்து எழுதுறவங்களும் நிறைய பேர்.

*தங்கச்சி:* தமிழ்ல உள்நுழைவுனுதானே போடுறாங்க

*அத்தை:* பல இடத்துல அப்படித்தான். தமிழ் விக்கிப்பீடியாவுல 'புகுபதிகை'. எனக்கு அதுதான் பிடிக்கும், 'பதிகை'யில லாக் புக்கே உக்காந்திருக்கு! வெளியேறுறது 'விடுபதிகை'.

*அண்ணன்:* ஆமா, பிரவுசர் டேபை மூடினா மட்டும் விடுபதிகை ஆகாது, உன்னை அடையாளம் வெச்சுக்க பிரவுசர் சேமிக்கிற குக்கீ இருக்கிற வரைக்கும் உள்ளேயேதான் இருப்பே. அந்த பட்டனை அழுத்தணும்